கீபோர்டும் ஆம்பும் கரண்ட் கோளாறில் போகாமல் இருக்க: ஸ்டெபிலைசருக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். கும்பகோணம் பக்கம் சொந்த வீடு, மூன்று பேஸ் லைன். ஒரு யமஹா கீபோர்டு, லேப்டாப்போடு ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக், கிட்டார் சத்தத்தை லேப்டாப்புக்குள் கொண்டுபோகும் பெட்டி), உள்ளேயே ஆம்ப் இருக்கும் பவர்டு ஸ்பீக்கர் இரண்டு, அப்பா காலத்து ஆம்ப்ளிஃபயர் ஒன்று. போன மாதம் ஒரு சாயந்திரம் கரண்ட் போய் வந்தபோது கீபோர்டு அடாப்டரும் ஒரு ஸ்பீக்கரும் போய்விட்டன. அதே அறையில் இரண்டு எல்இடி பல்பும் வெடித்தன, ஆனால் ஹாலில் ஃபேன் சுற்றவே முடியாமல் சுற்றியது. யூபிஎஸ் வேண்டுமா? கடைக்காரர் பெரிய ஸ்டெபிலைசராக வாங்கச் சொல்கிறார், வாங்கலாமா?

வேண்டாம், குறைந்தது இப்போதைக்கு வேண்டாம். ஒரே வீட்டில், ஒரே நேரத்தில், ஒரு அறையில் பல்பு வெடிக்கிறது, இன்னொரு அறையில் ஃபேன் திணறுகிறது என்றால் அது சாதாரண வோல்டேஜ் ஏற்ற இறக்கம் இல்லை. நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஒயர், விட்டிருக்கிறது. கம்பத்திலோ, உங்கள் சர்வீஸ் ஒயரிலோ, மீட்டருக்குப் பக்கத்திலோ, மெயின் போர்டில் நியூட்ரல் ஒயர்கள் சேரும் லிங்க்கிலோ எங்கேயோ ஒரு இணைப்பு தளர்ந்து அல்லது அறுந்து போயிருக்கிறது. வீட்டுச் சாமான்களை மொத்தமாக வாரிக்கொண்டு போகும் கோளாறுகளில் இதைவிட மோசமானது இடி மட்டும்தான், ஆனால் இடி வருவது வானத்தைப் பார்த்தாலே தெரியும், இது சொல்லிக்கொண்டு வராது.

என்ன நடக்கிறது என்றால், மூன்று பேஸ் லைனில் ஒவ்வொரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட், பேஸுக்கும் பேஸுக்கும் நடுவே 400 வோல்ட். நியூட்ரல் ஒழுங்காக இருக்கும்வரை ஒவ்வொரு பேஸும் தன்பாட்டுக்கு இருக்கும். அது விட்டுப்போனால் இரண்டு பேஸில் இருக்கும் சாமான்கள் ஒன்றன்பின் ஒன்றாக, சீரிஸில், 400 வோல்ட்டுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். கணக்குக்காக, ஒரு பேஸில் 1000 வாட் அயர்ன் பாக்ஸ் மட்டும் ஓடுகிறது, இன்னொன்றில் கீபோர்டு, ஸ்பீக்கர், இரண்டு பல்பு எல்லாம் சேர்த்து 100 வாட் என்று வையுங்கள். அதிகம் இழுக்கிற பக்கம் குறைந்த வோல்டேஜ், குறைவாக இழுக்கிற பக்கம் அதிக வோல்டேஜ் என்று பிரியும். அந்த 100 வாட் பக்கம் 360 வோல்ட்டுக்கு மேல் வந்து நிற்கும், அயர்ன் பாக்ஸுக்கு மிச்சம் 40 வோல்ட்கூட கிடைக்காது. கொஞ்சமாகக் கரண்ட் இழுக்கிற மெல்லிய எலக்ட்ரானிக்ஸ்தான் இதில் முதலில் அடி வாங்கும் என்பது இந்தக் கணக்கின் கொடுமை.

எரிந்துபோன அடாப்டரைத் தூக்கிப் போடவில்லை என்றால் பிரித்துப் பாருங்கள். உள்ளே விரல் பருமனில் ஒரு கெபாசிட்டர் இருக்கும், அதன் மேல் 400 வோல்ட் என்று அச்சடித்திருக்கும், அனேகமாக அதன் தலை உப்பியிருக்கும் அல்லது வெடித்துத் திறந்திருக்கும். 230 வோல்ட் ஏசியை டிசி ஆக்கினால் அந்த இடத்தில் சுமார் 325 வோல்ட் இருக்கும், அதனால் 400 வோல்ட் கெபாசிட்டர் தாராளம். 360 வோல்ட் ஏசி வந்தால் அதே இடத்தில் 500 வோல்ட்டைத் தாண்டும். அப்புறம் அது வெடிக்காமல் என்ன செய்யும்.

ஆகவே முதல் செலவு எந்தப் பெட்டிக்கும் இல்லை. மின்வாரியத்தில் புகார் பதிந்து, கம்பத்தில் நியூட்ரல் ஜாயின்ட்டையும் சர்வீஸ் ஒயரையும் பார்க்கச் சொல்லுங்கள், மின்னகம் எண் 94987 94987. "வோல்டேஜ் சரியில்லை" என்று மட்டும் பொதுவாகச் சொன்னால் வந்து மீட்டரைப் பார்த்துவிட்டுப் போய்விட வாய்ப்பு உண்டு. "ஒரு பேஸில் பல்பு வெடிச்சுது, இன்னொரு பேஸில் டிம் ஆச்சு, நியூட்ரல் கட்டுன்னு சந்தேகம்" என்று அப்படியே சொல்லுங்கள், லைன்மேனுக்குப் புரியும். மீட்டருக்கு இந்தப் பக்கம் உங்கள் பொறுப்பு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மெயினை அணைத்துவிட்டு, நியூட்ரல் பார் திருகுகள் எல்லாவற்றையும் இறுக்கச் சொல்லுங்கள். அலுமினிய ஒயர் இருந்தால் அது நாள்பட நாள்படத் தளரும், நுனி கறுத்துப்போயிருக்கும், அதை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி மாட்ட வேண்டும். பழைய வீடு என்றால் நியூட்ரலிலும் ஒரு ஃபியூஸ் கேரியர் போட்டிருப்பார்கள், அதை முதலில் எடுத்துவிட்டு ஃபியூஸ் இல்லாத நேர் இணைப்பாக லிங்க் போடச் சொல்லுங்கள். நியூட்ரலில் தனி ஃபியூஸ் இருக்கவே கூடாது.

இதோடு சேர்த்து பேஸ் சேஞ்சர் பற்றிச் சொல்லியாக வேண்டும், நம் ஊரில் மூன்று பேஸ் வீடுகள் பலவற்றில் இருக்கிறது. ஒரு பேஸ் போய்விட்டால் குமிழைத் திருப்பி அடுத்த பேஸில் போட்டுக்கொள்வோம், தப்பில்லை. ஆனால் நியூட்ரல் விட்ட அன்றைக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். நீங்கள் இருக்கும் பேஸில் பல்பு மங்குகிறது, "லோ வோல்டேஜ்" என்று நினைத்து பளிச்சென்று எரிகிற பேஸுக்குத் திருப்புகிறீர்கள். அந்தப் பளிச்சென்ற பேஸ்தான் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும் பேஸ். வீட்டில் பாதி மங்கி, பாதி வழக்கத்தைவிட வெளிச்சமாக எரிந்தால் பேஸ் சேஞ்சரில் கையே வைக்க வேண்டாம், நேராகப் போய் மெயினை அணையுங்கள். சாதாரண நாளிலும், திருப்புவதற்கு முன்னால் ஸ்பீக்கர், ஆம்ப் சுவிட்சுகளை அணைத்துவிட்டுத் திருப்புங்கள். குமிழ் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகும்போது வரும் பொறியும் வெட்டும் ஆம்புக்கு நல்லதில்லை.

சரி, லைனைச் சரிபார்த்தாகிவிட்டது, திரும்ப நியூட்ரல் விடாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, அடுத்த காற்று மழையில் மரக்கிளை விழுந்தால் போச்சு. அதற்கு வேண்டியது ஸ்டெபிலைசர் இல்லை, ஹை-லோ வோல்டேஜ் கட் ஆஃப். டிபி பாக்ஸுக்குள் (வீட்டு லைன்கள் பிரியும் மெயின் பெட்டி) எம்சிபி எனும் டிரிப் சுவிட்ச் பக்கத்திலேயே மாட்டுகிற மாதிரி, சின்ன டிஸ்ப்ளேயோடு வருகிறது, 40 ஆம்பியர், 63 ஆம்பியர் என்று. மேல் எல்லை 260, கீழ் எல்லை 175 மாதிரி வைத்துவிட்டால் அதைத் தாண்டியதும் துண்டித்துவிடும், வோல்டேஜ் ஒழுங்காகி நாம் வைத்த நேரம் கழிந்த பிறகுதான் திரும்பக் கொடுக்கும். அந்த நேரத்தை இரண்டு, மூன்று நிமிடமாக வையுங்கள், ஏனென்றால் கரண்ட் திரும்பி வரும் முதல் நிமிடம்தான் மோசமான நிமிடம். தெரு முழுக்க ஃபிரிட்ஜ், ஏசி, மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும், வோல்டேஜ் குதிக்கும், சில சமயம் வந்த கரண்ட் உடனே மறுபடி போகும். வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள், அந்த யூனிட்டே 400 வோல்ட்டைத் தாங்குமா என்று. தாங்காததை வாங்கினால் காப்பாற்ற வந்ததே முதலில் போய்ச் சேரும். இசைச் சாமான் இருக்கும் அறைக்குத் தனி சர்க்யூட் இருந்தால் அதற்கு மட்டும் ஒரு சிங்கிள் பேஸ் யூனிட் போதும், முழு வீட்டுக்கும் என்றால் மூன்று பேஸுக்குமானது. இதெல்லாம் ஒரு நொடிக்குள் வெட்டிவிடும், ஆனால் மின்னல் வேகத்துக்கு வெட்டாது, அதற்கு வேறு ஏற்பாடு, கீழே வருகிறேன்.

ஸ்டெபிலைசரை ஏன் வேண்டாம் என்றேன் என்றால், உங்கள் சாமான்களின் பின்பக்க லேபிளைப் படித்துப் பாருங்கள். அடாப்டர், லேப்டாப் சார்ஜர் இரண்டிலும் 100 முதல் 240 வோல்ட் என்றுதான் போட்டிருக்கும், இப்போது வரும் பவர்டு ஸ்பீக்கர்கள் பலவற்றிலும் அப்படித்தான். அது எஸ்எம்பிஎஸ் எனும் ஸ்விட்சிங் வகை பவர் சப்ளை, 170 வந்தாலும் 240 வந்தாலும் உள்ளே தானே சரிசெய்துகொள்ளும். அதற்கு முன்னால் ஒரு ஸ்டெபிலைசரை வைப்பதால் பயன் இல்லை, வீட்டு ஸ்டெபிலைசர் ரிலே டக் டக் என்று டிரான்ஸ்ஃபார்மர் முனையை மாற்றும் ஒவ்வொரு தடவையும் ஒரு கண வெட்டு விழும், ஸ்பீக்கரில் அது பட்டென்று கேட்கவும் செய்யும், ரெக்கார்டு செய்துகொண்டிருந்தால் கடுப்பு. நல்ல ஸ்டெபிலைசரில் ஹை கட் ஆஃப் இருக்கிறது, உண்மைதான், ஆனால் அதற்காக பத்துக் கிலோ டிரான்ஸ்ஃபார்மரை அறைக்குள் வைத்து அதன் ரீங்காரத்தையும் மைக்கில் பதிய வேண்டுமா? ஸ்டெபிலைசர் உண்மையில் உதவுவது, வோல்டேஜ் நாள்கணக்கில் ஒரே பக்கமாகக் கோணலாக இருக்கும் வீட்டில், பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை ஆம்புக்கு. வயல்பக்கத்து லைன் கடைசியில் வீடு இருந்தால் இது தெரியும், பம்ப்செட் ஓடும் நேரத்தில் 170, எல்லா மோட்டாரும் நின்ற ராத்திரியில் 250, 260.

இப்போது எர்த். நான் இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விட முக்கியம் என்றுகூடச் சொல்லலாம், ஏனென்றால் இதில் போவது சாமான் இல்லை, ஆள். கிட்டார் கம்பியையோ லேப்டாப்பின் உலோக உடலையோ தொட்டால் சுர்ரென்று இருக்கிறதா? பலர் "அது அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். எர்த் வந்து சேராத பிளக்கில் எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர் வழியாக மெயின் வோல்டேஜில் ஏறத்தாழ பாதி, மீட்டரில் பார்த்தால் நூறு வோல்ட்டை ஒட்டி, உடலில் வந்து நிற்கும். கரண்ட் மிகக் குறைவு, அதனால் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் எர்த் வேலை செய்யவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. நாளைக்கு உள்ளே நிஜமான ஷார்ட் ஆகி பேஸ் உடலில் பட்டால், ஒரு கையில் கிட்டார், வாய்ப்பக்கம் மைக் என்று நிற்பவர் கதி என்ன?

எர்த் இருக்கிறதா என்று பார்க்க மல்டிமீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் 230, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் ஒயர் வந்து சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம், மண்ணுக்குள் இருக்கும் எர்த் குழி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. அதற்கு எலக்ட்ரீஷியன்கள் 100 வாட் குண்டு பல்பை பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே போட்டுப் பார்ப்பார்கள். பளிச்சென்று எரிந்தால் எர்த் சுமையைத் தாங்குகிறது, மினுக்மினுக் என்றால் குழி காய்ந்திருக்கிறது. ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கும் வீட்டில் இப்படிப் போட்டதும் அது டிரிப் ஆகிவிடும், ஆக வேண்டும். நீங்களே செய்ய வேண்டாம், அவரைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். உப்பும் கரியும் போட்ட பழைய குழி என்றால் கோடையில் அதற்கு நாலு குடம் தண்ணீர் ஊற்றுவது நம் வீட்டுப் பெரியவர்கள் செய்ததுதான், அதில் விஷயம் இருக்கிறது, ஈர மண்தான் கரண்டைக் கடத்தும்.

ஒரு மோசடி வேலையையும் சொல்லி வைக்கிறேன். "எர்த் வரல" என்று சொன்னால் சிலர் சுவிட்ச் போர்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எடுத்து எர்த் முனையில் லூப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சுர் நின்றுவிடும், மீட்டரும் சரியாகக் காட்டும், கூலியும் கொடுத்துவிடுவோம். நியூட்ரல் விட்ட அன்றைக்கு உங்கள் ஆம்ப், கிட்டார், மைக் ஸ்டாண்டு எல்லாவற்றின் உடலிலும் பேஸ் வந்து நிற்கும். உங்கள் வீட்டில் நியூட்ரல் ஏற்கெனவே ஒரு தடவை விட்டிருக்கிறது என்பதால் போர்டுகளைத் திறந்து இப்படி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது அவசியம். மீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே சுமை ஓடும்போதும் துல்லியமாகச் சைபர் காட்டினால் சந்தேகப்படுங்கள். ஆர்சிசிபி இல்லை என்றால் 30 மில்லி ஆம்பியரில் ஒன்று போட்டுவிடுங்கள், அதில் பேரமே கிடையாது.

ஸ்பைக் பஸ்டர் விஷயத்துக்கு வருகிறேன், எல்லோரும் முதலில் வாங்குவது அதைத்தான். உள்ளே எம்ஓவி என்று காசு போல வட்டமான ஒரு பாகம் இருக்கும், இருந்தால். மலிவானவற்றைத் திறந்தால் ஒரு சுவிட்ச், ஒரு நியான் விளக்கு, அவ்வளவுதான், பெயர் மட்டும் ஸ்பைக் பஸ்டர். எம்ஓவி செய்வது ஒரே வேலை, வோல்டேஜ் திடீரென்று ஆயிரக்கணக்கில் எகிறும் அந்த மைக்ரோ நொடிகளில் அதை உறிஞ்சிக்கொள்வது. ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் தேய்ந்து, ஒரு நாள் சத்தமில்லாமல் செயலிழந்துவிடும், சுவிட்ச் விளக்கு எப்போதும் போல எரிந்துகொண்டிருக்கும். நியூட்ரல் கட்டுக்கு இது உதவாது என்பதோடு ஆபத்தும்கூட. நம் ஊர் 230 வோல்ட்டுக்குப் பொதுவாகப் போடும் எம்ஓவி 275 வோல்ட் தொடர்ந்து தாங்கும் அளவுக்கானது. 360 வோல்ட் நிமிடக்கணக்கில் நின்றால் ஒவ்வொரு அலையிலும் அது கரண்டைக் கடத்திச் சூடாகி, புகைந்து, பிளாஸ்டிக்கையும் பற்ற வைக்கும். ஆகவே கட் ஆஃப் முதலில், ஸ்பைக் பஸ்டர் அதற்குப் பின்னால். தெர்மல் ஃபியூஸ் உள்ளதாக, நம் ஊர் மூன்று முள் பிளக் இறுக்கமாகப் பொருந்துவதாக வாங்குங்கள், எந்த நாட்டு பிளக்கும் போகும் என்கிற ஓட்டைகள் எந்த பிளக்கையும் பிடித்து வைப்பதில்லை, உள்ளே பொறி பறந்துகொண்டே இருக்கும். கையில் காசு இருந்தால் மெயின் டிபி பாக்ஸில் ஒரு டைப் 2 எஸ்பிடி (திடீர் வோல்டேஜ் எகிறலை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி) போடச் சொல்லுங்கள், ஆனால் எர்த் சரியில்லாத வீட்டில் எஸ்பிடி வீண், அது எதிர்பாரா வேகத்தில் வரும் கரண்டைக் கொண்டுபோய் விட ஒரு இடம் வேண்டுமே.

இடி மின்னலுக்கு எந்தப் பெட்டியையும் நம்ப வேண்டாம், பிளக்கைப் பிடுங்குவதுதான். சித்திரை, வைகாசி சாயந்திர மழையும், அப்புறம் ஐப்பசியும் நமக்கு இடிக்காலம். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள், சுவிட்ச் பேஸை மட்டும்தான் வெட்டுகிறது, நியூட்ரலும் எர்த்தும் இணைந்தே இருக்கும், சுவிட்சுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளியை மின்னல் சர்ஜ் தாண்டிவிடும். பலர் கோட்டை விடுவது சிக்னல் ஒயரில். மொட்டை மாடி டிடிஎச் டிஷ்ஷிலிருந்து கேபிள் வழியாக செட் டாப் பாக்ஸ், அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாக சவுண்ட்பார் அல்லது ஏவி ரிசீவர் என்று சர்ஜ் நடந்து வரும். ஆம்பின் மெயின் பிளக் கழற்றித் தரையில் கிடக்க, உள்ளே எச்டிஎம்ஐ போர்டு மட்டும் செத்திருப்பது சர்வீஸ் சென்டர்களில் சர்வசாதாரணம். உங்கள் விஷயத்தில் ரவுட்டரிலிருந்து லேன் கேபிள் லேப்டாப்புக்கு வந்து அங்கிருந்து இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் என்று ஒரே சங்கிலி. ரெக்கார்டு செய்யாத நேரத்தில் வைஃபை போதும், லேனைக் கழற்றிவிடுங்கள். இடி ஆரம்பித்த பிறகு ஓடிப்போய் ஒயர்களில் கை வைக்காதீர்கள், வானம் கறுக்கும்போதே செய்துவிடுங்கள்.

யூபிஎஸ் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் செட்டப்பில் பாதி வேலையை லேப்டாப் பேட்டரியே செய்கிறது. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 மாதிரி யூஎஸ்பியிலேயே ஓடும் இன்டர்ஃபேஸ் என்றால் கரண்ட் போனாலும் லேப்டாப்போடு சேர்ந்து ஓடும், ஹெட்ஃபோனில் கேட்டு முடித்து, சேவ் செய்துவிட்டு எழுந்திருக்கலாம். கீபோர்டுக்கு மட்டும் ஒரு 600 விஏ கம்ப்யூட்டர் யூபிஎஸ் போதும், அதில் நிஜமாகக் கிடைப்பது 360 வாட் மாதிரிதான், கீபோர்டுக்கு அதில் கால்வாசிகூட வேண்டாம். அதன் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் ஓயும், ஓய்ந்தது கரண்ட் போகும்போதுதான் தெரியும். இந்த மலிவு யூபிஎஸ்கள் பேட்டரியில் ஓடும்போது சைன் அலை தருவதில்லை, படிக்கட்டு போன்ற அலை. எஸ்எம்பிஎஸ் அதைப் பொருட்படுத்தாது, ஆனால் அப்பாவின் ஆம்பை அதில் மாட்டினால் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், ஆன் செய்யும் கணத்தில் அது இழுக்கும் கரண்டில் யூபிஎஸ் கீச்சிட்டு நின்றே போகலாம். ஆம்பை அதில் மாட்டாதீர்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்பக்கம் ஒரு சுவிட்ச் இருக்கும், யூபிஎஸ் மோடு, நார்மல் அல்லது ஈகோ மோடு என்று. வாங்கிய நாளிலிருந்து பலர் அதைப் பார்த்ததே இல்லை. நார்மல் மோடில் மெயின் 100 முதல் 290 வோல்ட் வரை எது வந்தாலும் அப்படியே வீட்டுக்குள் விட்டுவிடும் மாடல்கள் நிறைய. யூபிஎஸ் மோடில் ஏறத்தாழ 180க்குக் கீழே, 260க்கு மேலே போனால் மெயினைக் கழற்றிவிட்டு பேட்டரிக்கு மாறிவிடும், மாறும் நேரமும் குறைவு. காசு செலவில்லாத பாதுகாப்பு, இன்றைக்கே போய்த் திருப்பி வையுங்கள். இன்வெர்ட்டர் சைன் வேவா, ஸ்கொயர் வேவா என்றும் பாருங்கள். ஸ்கொயர் வேவ் என்றால் அதில் கீபோர்டு வேலை செய்யும், ஆனால் ஸ்பீக்கரில் ஒரு கரகரப்பு ஓடும்.

இரைச்சல் என்றதும் இன்னொன்று. லேப்டாப் சார்ஜரைச் சொருகினால் ஸ்பீக்கரில் ம்ம்ம் என்று வருகிறது, கழற்றினால் நின்றுவிடுகிறது என்றால் அது எர்த் லூப், எர்த் இரண்டு வழியாகச் சேர்ந்து வளையமாவதால் வரும் இரைச்சல். இதற்கு இணையம் முழுக்கக் கிடைக்கும் "தீர்வு" மூன்றாவது முள்ளை உடைப்பது அல்லது டேப் சுற்றுவது. செய்யாதீர்கள், காரணம் மேலேயே சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து எடுங்கள், இன்டர்ஃபேஸிலிருந்து ஸ்பீக்கருக்கு பேலன்ஸ்டு கேபிள் (இரைச்சலைத் தள்ளிவிடும் வகை) போடுங்கள், அதற்கும் அடங்கவில்லை என்றால் ஆடியோ ஒயரில் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் அல்லது டிஐ பாக்ஸ் (சிக்னலை பேலன்ஸ்டாக மாற்றும் சின்னப் பெட்டி). பல்லாயிரம் ரூபாய்க்கு விற்கும் தடித்த பவர் கேபிள்கள் இதையும் சரிசெய்யாது, நியூட்ரல் கட்டிலிருந்தும் காப்பாற்றாது.

புது அடாப்டர் வாங்கப் போகிறீர்கள், அதனால் இது. முள் பொருந்துகிறது என்பதற்காக ஏதோ ஒன்றைச் சொருகாதீர்கள். யமஹாவின் பிஏ-130, பிஏ-150 அடாப்டர்கள் 12 வோல்ட், நடுமுனை பாசிட்டிவ். பழைய கேசியோ கீபோர்டுகளின் ஏடி-5 அடாப்டர் 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ், பாஸ் கிட்டார் பெடல்களும் அப்படியே, இங்கே பாஸ் என்பது கம்பெனிப் பெயர். கீபோர்டின் பின்னால் வட்டத்துக்குள் புள்ளியோடு ஒரு சின்னப் படம் இருக்கும், அதுவும் அடாப்டர் மேல் இருக்கும் படமும் ஒன்றாக இருக்க வேண்டும். வோல்ட் சரியாக இருக்க வேண்டும், ஆம்பியர் கேட்பதற்குக் குறையக் கூடாது, கூடினால் பாதகமில்லை. அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவரும் ஆம்ப், மிக்சர்களில் லேபிள் 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் ஸ்டெப்-டவுன் இல்லாமல் சொருகவே கூடாது, ஆன் செய்த நொடியே கதை முடிந்துவிடும். பின்பக்கம் வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

கடைசியாக அப்பாவின் ஆம்ப். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைப் பாகங்களை வைத்து அந்தக் காலத்தில் அசெம்பிள் செய்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மாதிரி ஆம்புகளில் 24-0-24 டிரான்ஸ்ஃபார்மருக்கு (நடுமுனையிலிருந்து இரு பக்கமும் 24 வோல்ட் ஏசி தருவது) 35 வோல்ட் கெபாசிட்டர் போட்டிருப்பார்கள். 230 வோல்ட்டில் அங்கே 33, 34 வோல்ட் வரும், விளிம்பில் நிற்கும். ராத்திரி 260 வந்தால் 37ஐத் தாண்டும், வருடக்கணக்கில் இப்படி வாங்கி வாங்கித்தான் அவை உப்புகின்றன. 50 வோல்ட் அல்லது 63 வோல்ட் கெபாசிட்டராக மாற்றச் சொல்லுங்கள், பெரிய செலவில்லை. ஃபியூஸ் இருக்கும் இடத்தைத் திறந்து பாருங்கள், கண்ணாடி ஃபியூஸுக்குப் பதிலாக ஒரு செம்புக்கம்பி சுற்றியிருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். ஃபியூஸின் உலோக மூடியில் எழுத்து பொடிசாகப் பொறித்திருக்கும், டி என்றால் மெதுவாக உருகுவது, எஃப் என்றால் வேகமாக உருகுவது. டிரான்ஸ்ஃபார்மர் ஆம்புக்கு மெயின் பக்கம் பெரும்பாலும் டி வகை, எத்தனை ஆம்பியர் என்பது பின்பக்கமோ சர்க்யூட்டிலோ இருக்கும்.

அது பல வருடம் ஓடாமல் இருந்தது என்றால் நேராக பிளக்கில் சொருகாதீர்கள். மெக்கானிக் கடைகளில் சீரிஸ் போர்டு வைத்திருப்பார்கள், ஒரு 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை பேஸில் சீரிஸாகப் போட்டு அதன் வழியாக ஆம்புக்குக் கரண்ட் கொடுப்பது. எல்இடி பல்பு இதற்கு ஆகாது. ஸ்பீக்கரை இணைக்காமல் ஆன் செய்யும்போது பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது, கொஞ்ச நேரம் அப்படியே ஓட விடச் சொல்லுங்கள். பளிச்சென்றே நின்றால் உள்ளே ஷார்ட் இருக்கிறது, அணைத்துவிட்டு ரெக்டிஃபயரிலிருந்தும் அவுட்புட் டிரான்சிஸ்டரிலிருந்தும் தேட ஆரம்பிக்கலாம்.